கல்லில் இல்லாத பேர்

நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சற்றே கண்ணயர்ந்திருந்தேன். தலைமாட்டில் இருந்த போன் "டிக்" என்றது. தபாலாபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகியும் அந்தச் சத்தம் கேட்டால் என் வலது கை தானாகப் பென்சிலைத் தேடும். பாதித் தூக்கத்தில் பாய்விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஏதோ எழுதப் பார்த்திருக்கிறேன். விழித்துப் பார்த்தால் தங்கை மகன் அனுப்பிய ஒரு படம். பேங்க் உத்தியோகத்தில் அவனைத் தன்பாத் பக்கம் மாற்றிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கேயோ சுற்றப் போனவன் ஒரு நினைவுச்சின்னத்தின் முன்னால் நின்று படமெடுத்திருக்கிறான். கீழே ஒரு வரி: "பெரியம்மா, இங்கே சுரங்கத்துல செத்தவங்க பேரெல்லாம் எழுதியிருக்கு. ஒரு தமிழ்ப் பேரும் இருக்கு, பாருங்க."

இரண்டு விரலால் படத்தை இழுத்து இழுத்துப் பெரிதாக்கினேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வரிசை வரிசையாகப் பேர்கள். மாஞ்சி, மஹதோ, சிங் என்று போய்க்கொண்டே இருந்தவற்றின் நடுவே, கூட்டத்தில் வழி தெரியாமல் நிற்கிற நம்மூர்க்காரனைப் போல ஒரு பேர். மாதையன்.

அந்த மாதையனை எனக்குத் தெரியும். சுரங்கத்தில் அவர் சாகவில்லை. அவர் செத்ததாகச் சொன்ன தந்தியை வாங்கி எழுதியவள் நான். எழுதி முடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். கொடுக்கும்போது சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். ஆனால் எனக்கு நேராகச் சொல்லி வராது. மொரப்பூர் ரயில்வே கேட்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

எழுபதுகளில் நான் அரூர் தபாலாபீசில் தந்திக் குமாஸ்தா. வீடு தருமபுரியில். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினால் திங்கட்கிழமை விடியற்காலை திரும்புவேன். மொரப்பூரில் கேட் போட்டிருப்பான். நீராவி எஞ்சின் ஒன்று பெருமூச்சு விட்டுக்கொண்டு போகும். ஜன்னல் வழியே கரிப்புகை உள்ளே வந்து பஸ்ஸில் இருப்பவர்களெல்லாம் ஒரே நேரத்தில் இருமுவார்கள். எனக்கு மட்டும் அந்த வாசனை பிடிக்கும். அடுப்புக்கரி வாசனை வேறு, அது வேறு. முட்டை வேகிற வாசனை கொஞ்சம், மழைக்கு முன்னால் வருகிற மண் வாசனை கொஞ்சம். கண்ணை மூடிக்கொண்டு நன்றாக இழுத்து வைத்துக்கொள்வேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் இந்தப் பெண்ணுக்கு ஆஸ்துமா போலிருக்கிறது என்று தள்ளி உட்காருவார்கள். அதுவும் எனக்கு வசதிதான்.

அரூர் ஆபீஸ் ஓட்டுக் கட்டிடம். பின் ஜன்னலைத் திறந்தால் புளியமரங்கள், அதற்குப் பின்னால் சித்தேரி மலை. மார்கழியில் பத்து மணி வரைக்கும் மலை இருக்காது, பனிதான் இருக்கும். அந்தப் பனிக்குள்ளிருந்துதான் கம்பி வழியாகச் செய்தி வருகிறதென்று எனக்கு ஒரு நினைப்பு. கட்டுக்கட, கட்டென்று மேஜை மேல் பித்தளைக் கருவி அடித்துக்கொண்டே இருக்கும். சேலத்தில் எவனோ ஒருவன் தட்டுவது இங்கே எனக்குப் பேச்சாகக் கேட்கும். தட்டுகிற தினுசை வைத்தே இன்றைக்கு அவனுக்கு ஜலதோஷம் என்று சொல்லிவிடுவேன். அவ்வளவு கர்வம். சுவரில் 'குறைவாகப் பேசு, அதிகமாக வேலை செய்' என்று சர்க்கார் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு நான் பேசிய பேச்சுக்குக் கணக்கே இல்லை.

எங்கள் ஆபீசில் தந்தி பட்டுவாடா செய்தவர்தான் மாதையன். அப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டை, கழுத்தில் துண்டு, பச்சை சைக்கிள். அவரைக் கண்டால் ஊருக்கே நடுக்கம். தந்தி என்றாலே சாவு என்று நினைத்த காலம் அது. பிரித்துப் படிப்பதற்கு முன்னாலேயே மாரில் அடித்துக்கொள்வார்கள். மகனுக்கு வேலை கிடைத்த தந்திக்கு மயங்கி விழுந்தவர்கள் உண்டு. அதனால் மாதையன் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். நல்ல சேதி என்றால் ஊர் எல்லையிலேயே மணியை அடிக்க ஆரம்பித்துவிடுவார். வீட்டு வாசல் வரைக்கும் கிணுகிணுவென்று அடித்துக்கொண்டே மிதிப்பார். சாவுத் தந்தி என்றால் எல்லையில் இறங்கிவிடுவார். மணி கிடையாது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மெதுவாக நடப்பார். சுற்று வட்டாரத்தில் எல்லாருக்கும் இது தெரியும். அவர் வரும்போதே சேதியில் பாதி தெரிந்துவிடும். மீதிப் பாதி, எந்த வீடு என்பதுதான்.

"ஏங்க, நடந்து போனா நேரமாகாதா? சாவுத் தந்தி சீக்கிரம் போகணும்னுதானே மேல ரெண்டு பெருக்கல் குறி போட்டுத் தர்றேன்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அஞ்சு நிமிசந்தானுங்கம்மா. அந்த அஞ்சு நிமிசம் அவங்க அழாம இருக்கட்டுமே" என்றார்.

அவருக்கு ஒரே தம்பி, காவேரியப்பன். பீகாரில், இப்போது தங்கை மகன் இருக்கிற அந்தத் தன்பாத் பக்கம்தான், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. அவரை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். லீவில் வந்தவர் அண்ணனைப் பார்க்க ஆபீசுக்கு வந்தார். கண்ணிமை ஓரமெல்லாம் கறுப்பு, மை தீட்டிய மாதிரி. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "என்னங்க, கண்ணுக்கு மை போட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"எத்தன சோப்பு போட்டாலும் போவ மாட்டேங்குதுங்க. எங்க வூட்ல கூட இதத்தான் சொல்லிச் சிரிக்குறா" என்று அவரும் சிரித்தார். நெற்றியில் நீலமாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். காயத்துக்குள் கரித்தூள் போய் அப்படியே தங்கிவிடுமாம்.

சுரங்கத்துக்குள் என்ன வேலை என்று கேட்டேன். பம்பு ஓட்டுகிற வேலை என்றார். "உள்ளார எப்பவும் மழ பேஞ்சிட்டே இருக்குமுங்க. செவுத்துலேர்ந்து ஊறும், மேலேர்ந்து சொட்டும். நம்மூர்ல கெணத்துல குடிக்கத் தண்ணியில்ல. அங்க வேணாம் வேணாம்னு தண்ணிய எறச்சுக் கொட்டுறேன். இத இங்க கொண்டாந்து வுட வழியிருந்தா எங்க காடு ரெண்டு போகம் வெளையும்."

போகும்போது சட்டைப்பையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கரித்துண்டு. மேலே ஒரு இலை, நரம்போடு, நேற்று உதிர்ந்து விழுந்த மாதிரி பதிந்திருந்தது. தந்தி பாரங்கள் பறக்காமல் இருக்க அதைத்தான் மேலே வைத்திருந்தேன். வேலை இல்லாத மத்தியானங்களில் அதை முகர்ந்து பார்ப்பேன். மொரப்பூர் கேட் வாசனை லேசாக அடிக்கும்.

அந்த வருஷ மார்கழி நடுவில்தான் வானொலியில் சொன்னார்கள். பீகாரில் ஒரு சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. பக்கத்தில் கைவிட்ட பழைய சுரங்கத்தில் தேங்கியிருந்த தண்ணீர் சுவரை உடைத்துக்கொண்டு வந்துவிட்டதாம். உள்ளே இருந்தவர்கள் நூற்றுக்கணக்கில். தண்ணீரை இறைத்தால்தான் யார் யார் என்று தெரியும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள்.

மறுநாளே காவேரியப்பனின் மனைவி சாலம்மா ஆபீசுக்கு வந்துவிட்டாள். தீர்த்தமலை ரோட்டில் நாலு மைல் தள்ளி அவர்கள் ஊர். நடந்தே வந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். கவுண்டரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தந்தி எதுனா வந்துச்சுங்களாம்மா?" என்றாள்.

"யாருக்குங்க? வீட்டுக்காரர் பேர் சொல்லுங்க."

தலையைக் குனிந்துகொண்டாள். நான் மறுபடியும் கேட்டேன். முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கத்துப் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அவசரத்தில் எரிந்து விழுந்தேன். கடைசியில் சுவரோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற மாதையனை ஓரக்கண்ணால் காட்டி, "அவங்க தம்பிங்க" என்றாள்.

அவர் ஏன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார் என்றால் அதுவும் வழக்கம்தான். புருஷனின் அண்ணன் மூத்தார். மூத்தார் பேரையும் அவள் சொல்லக்கூடாது. நேருக்கு நேர் நின்று பேசவும் கூடாது. ஒரே அறையில் ஆறடி இடைவெளியில் இருந்த இரண்டு பேரும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். "அவங்க சாப்ட்டாங்களான்னு கேளுங்கம்மா" என்பாள் அவள். "கஞ்சி குடிச்சேன்னு சொல்லுங்கம்மா" என்பார் அவர் சுவரைப் பார்த்து. மற்ற நேரமாயிருந்தால் எனக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

நாலு நாள் இப்படியே வந்து போனாள். தினமும் நாலும் நாலும் எட்டு மைல். எனக்கு மனசு கேட்கவில்லை. சுரங்க ஆபீசுக்கு நானே ஒரு தந்தி எழுதினேன். அரூர் பக்கத்துக் காவேரியப்பன், பம்பு வேலை, உயிரோடு இருக்கிறாரா, உடனே தெரிவிக்கவும். கரித்துண்டை நகர்த்திப் பாரத்தை உருவியபோது மாதையன் பக்கத்தில் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். "என்னங்க?" என்றேன். "ஒண்ணுமில்லைங்கம்மா, அனுப்புங்க" என்றார். நான் அனுப்பினேன்.

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது பதில் வந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தட்டத் தட்ட எழுதிக்கொண்டே போனேன். அந்தப் பேரில் எங்கள் பதிவேட்டில் எவரும் இல்லை என்று வந்தது. செத்தவர் பட்டியலிலும் இல்லை, வேலை செய்தவர் பட்டியலிலும் இல்லை.

பீகாரில் சுரங்கம் ஒன்றா இரண்டா, அப்படியென்றால் அவர் வேறு ஏதோ சுரங்கம்! தலைகால் புரியவில்லை எனக்கு. குமாஸ்தா நாற்காலியை விட்டு எழுந்து கவுண்டருக்கு வெளியே ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "உங்க வீட்டுக்காரர் பேரே அங்க இல்லீங்க! அவர் அங்க வேலையே செய்யலையாம்!"

"நெசமாங்களாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என் வயித்துல பால வாத்தீங்க" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். போஸ்ட்மாஸ்டர் தன் காப்பியை அவளுக்குக் கொடுத்தார். மாதையன் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பி சைக்கிள் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் மனுஷர் பேச்சு மூச்சில்லாமல் நிற்கிறார் என்று நினைத்தேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. எல்லாம் தெரியும் என்று நினைத்த வயது.

அந்தப் பொங்கலை சாலம்மா பிரமாதமாகக் கொண்டாடினாள். தீர்த்தமலைக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். புதுப்புடவை, கை நிறையக் கண்ணாடி வளையல், தலைகொள்ளாத கனகாம்பரம். மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் எனக்காக ஒரு கட்டு கரும்பும் மொச்சைக்காயும் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தாள். "அவரு வந்ததும் கூட்டியாந்து உங்க கால்ல வுழச் சொல்றேன்" என்றாள். அந்தக் கரும்பை நான் தின்றேன். தித்திப்பாகத்தான் இருந்தது. அவள் பூ வைத்துக்கொண்டு வந்து நின்ற அந்த நேரத்தில் அவளுக்குப் புருஷன் இல்லாமல் மூன்று வாரம் ஆகிவிட்டிருந்தது.

தை மாதம் பாதியில், பனி இன்னும் கலையாத ஒரு காலையில், கருவி தட்ட ஆரம்பித்தது. முதலில் இரண்டு பெருக்கல் குறி. ஆகட்டும் என்று பென்சிலை எடுத்தேன். பெறுபவர் சாலம்மா, ஊர் பேர் சரி. அதற்குப் பிறகுதான் செய்தி வந்தது. தலைவிளக்கு நம்பரை வைத்து அடையாளம் கண்ட உடல், உங்கள் கணவர் மாதையன், அங்கேயே தகனம் செய்யப்பட்டது.

மாதையன்! எனக்கு உயிர் திரும்பி வந்தது. முட்டாள்கள், அண்ணன் பேரையும் தம்பி பேரையும் மாற்றிப் போட்டு எங்கேயோ குழப்பிவிட்டார்கள். இரண்டு பேரும் உயிரோடு இருக்க ஒரு சாவுத் தந்தி! நாற்காலியில் சுழன்று திரும்பி, "ஏங்க மாதையன், நீங்க செத்துப் போயிட்டீங்களாம்! இந்தாங்க, நீங்களே கொண்டுபோய்க் குடுங்க!" என்றேன். சிரித்துவிட்டேன். ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. சாகாதவனைச் செத்ததாகச் சொன்னால் ஆயுசு கெட்டி என்று சொல்லி போஸ்ட்மாஸ்டர் அரைக்கிலோ ஜிலேபி வாங்கிவரச் சொன்னார்.

மாதையனும் சிரித்தார். அதுதான் என்னால் மறக்க முடியாதது. உதடு விரிந்து சிரிப்பு மாதிரியே இருந்தது. ஜிலேபியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். தந்தியை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

பத்து நிமிஷம் கழித்துத் தண்ணீர் குடிக்கப் பின்னால் போனேன். புளியமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் குந்தி உட்கார்ந்திருந்தார். ஜிலேபி கையில் அப்படியே இருந்தது. எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

"அம்மா, அந்தத் தந்தி சரிங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"வயசுல நான் கோலார்ல தங்கச் சுரங்கத்துல பம்புல நாலு வருசம் கெடந்தேன். இருட்டு ஒத்துக்கல, ஓடியாந்துட்டேன். வேல தெரிஞ்ச ஆளுன்னு ஒரு காயிதம் குடுத்தாங்க. இவன் கரிச் சுரங்கத்துக்குப் போறேன்னப்ப, முன்ன வேல செஞ்ச ஆளத்தான் எடுப்போம்னு சொல்லிட்டாங்களாம். எனக்கெதுக்கு அந்தக் காயிதம், எடுத்துட்டுப் போடான்னு நான்தாம்மா குடுத்தேன். என் பேருலதான் அங்க இருக்கான். என் பேருலதான் போயிட்டான்."

"சாலம்மாவுக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்க. நீங்க அவன் பேரப் போட்டு எழுதுனப்பவே எனக்குத் தெரியும், இல்லன்னுதான் வரும்னு. என் பேரப் போட்டுக் கேளுங்கன்னு சொல்ல வாயத் தொறந்தேன். பதிலு என்னா வருமோன்னு பயமாயிருந்துச்சுங்க. கேக்காத வரைக்கும் உசுரோட இருப்பான்னு..."

அவ்வளவுதான் சொன்னார். நான் சிரித்த சிரிப்பு அந்த மரத்தடியில் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தது. அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவரோடு புறப்பட்டேன். மூத்தார் அவளிடம் நேரில் பேச முடியாதே, நடுவில் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே. தீர்த்தமலை பஸ்ஸில் போய் ஊர் எல்லையில் இறங்கிக் காத்திருந்தேன். அவர் சைக்கிளில் வந்து இறங்கினார். மணியைத் தொடவில்லை. தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நான் இரண்டடி பின்னால்.

தெரு முழுக்க வேலை நின்றது. உரலில் குத்திக்கொண்டிருந்த ஒருத்தி உலக்கையைத் தூக்கியபடியே நின்றாள். ஒவ்வொரு வீட்டைக் கடக்கும்போதும் அந்த வீட்டிலிருந்து ஒரு மூச்சு வெளிவருவது எனக்குக் கேட்டது. சாலம்மா வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் கையில் இருந்தது. எங்களைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சைக்கிள் சக்கரத்தையே பார்த்தாள். அது இன்னும் உருண்டுகொண்டுதான் இருந்தது. அவள் வாசலில் வந்து நின்றது.

"பேரே இல்லன்னு சொன்னீங்களேம்மா?" என்றாள் என்னிடம்.

என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. நாள் முழுக்கப் பேசுகிறவள் நான். அப்போதுதான் மாதையன் அவள் பக்கம் திரும்பினார். அவள் அந்த வீட்டுக்கு வாழ வந்த எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்து நேராகப் பேசினார்.

"தந்தியில இருக்கிற பேரு என்னுது. போனது நம்ம காவேரியப்பன்தாம்மா."

உடல் அங்கேயே எரிந்துவிட்டது. இங்கே எதை வைத்துக் காரியம் செய்வது என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்டார்கள். மறுநாள் நான் ஆபீஸ் மேஜையிலிருந்து அந்தக் கரித்துண்டை எடுத்துக்கொண்டு போனேன். அவர்கள் காட்டில், தண்ணீர் இல்லாத அந்தக் கிணற்று மேட்டில், விறகின் நடுவே இலைப் பக்கம் மேலே தெரிய அதை வைத்தார்கள். மாதையன் கொள்ளி வைத்தார். விறகெல்லாம் அணைந்த பிறகும் அது மட்டும் சிவப்பாக நெடுநேரம் கனன்றது. ரயிலே எட்டிப் பார்க்காத அந்த ஊரில் அன்றைக்கு மொரப்பூர் கேட் வாசனை நிறைந்திருந்தது. அதற்கப்புறம் எனக்கு அந்த வாசனை பிடிக்காமல் போய்விட்டது.

கதை அதோடு முடியவில்லை. ஆனியில் சுரங்கத்திலிருந்து காகிதங்கள் தாலுகா ஆபீசுக்கு வந்தன. இறந்தவர் மாதையன், மனைவி சாலம்மா. அவள் வந்து அதிகாரி முன்னால் தன் புருஷன் பேர் மாதையன் என்று ஒரு வார்த்தை சொல்லிக் கைநாட்டு வைத்தால் போதும். சுரங்கத்தில் செத்தவரின் மனைவி என்று எழுதிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அவளுக்கு வர வேண்டியது வந்துகொண்டிருக்கும், வயிற்றுப்பாட்டுக்குக் கவலையில்லை. சொல்லாவிட்டால் அவள் யாரோ.

அவள் போக வேண்டியதற்கு முதல் நாள் மாதையன் என்னிடம் வந்தார். "அவளச் சொல்லச் சொல்லுங்கம்மா. மூத்தார் பேருன்னு கூச்சப்பட வேணாம். நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன். வேல போனாலும் போவட்டும்."

நானும் சாலம்மாவிடம் மன்றாடினேன். ஒரே ஒரு சொல், சொல்லிவிட்டு வந்துவிடு என்றேன்.

தாலுகா ஆபீசில் அதிகாரி நல்ல மனுஷர். அவளை உட்காரச் சொன்னார். "உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று கேட்டார். பேரைச் சொல்லும் வழக்கம் இல்லை என்று அவருக்கும் தெரியும். "நானே படிக்கிறேன், நீ ஆமான்னு தலையாட்டினாப் போதும். மாதையன். சரிதானே?"

சாலம்மா தலையாட்டவில்லை. எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நாலு குமாஸ்தாக்களும் இரண்டு தலையாரிகளும் நின்ற அந்த அறையில், கணீரென்று, "அவரு பேரு காவேரியப்பன்" என்றாள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "காகிதத்துல மாதையன்னு இருக்கேம்மா?"

"அவங்க என் மூத்தாருங்க. நல்லா இருக்காங்க. வெளிய சைக்கிளோட நிக்குறாங்க. அவங்கள ஏங்க சாவடிக்குறீங்க? செத்தது எங்க வூட்டுக்காரரு. காவேரியப்பன்."

"அந்தப் பேருல யாரும் சாகலைம்மா" என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு.

"செத்துட்டாருங்க" என்றாள் சாலம்மா. "எனக்குத் தெரியுமுங்க."

அவர் காகிதக் கட்டை மூடினார். யார் மீதும் எதுவும் எழுதி வைக்காமல் விட்டார், அது அவர் பெருந்தன்மை. வெளியே வேப்பமரத்தடிக்கு வந்ததும் அவளைத் திட்டித் தீர்த்துவிடுவதென்று நான் திரும்பினேன். அவள் முகத்தைப் பார்த்தேன். புதுப்பெண்ணைப் போல வெட்கத்தில் சிவந்திருந்தது. "சொல்லிப்புட்டேம்மா" என்றாள் என்னிடம், ரகசியமாக. "ரெண்டு வாட்டி."

அதற்குப் பிறகு அவள் ஏரி வேலை, களை வேலை என்று கிடைத்ததைச் செய்து காலம் தள்ளினாள். அறுப்பு முடிந்தால் மாதையன் தன் ராகியில் பாதியை மூட்டை கட்டி அவள் வாசலில் இறக்கிவிட்டுப் போவார், சுவரைப் பார்த்துக்கொண்டேதான். மார்கழி நடுவில், சுரங்கத்தில் தண்ணீர் புகுந்த அந்த ஒரு நாள் மட்டும் அவர் சைக்கிளில் ஏற மாட்டார். நல்ல சேதியோ கெட்ட சேதியோ, அன்று முழுக்கத் தள்ளிக்கொண்டு நடப்பார். நடந்து வருவதைப் பார்த்து ஊர்கள் பயந்துவிடக் கூடாதே என்று தள்ளிக்கொண்டே மணியையும் அடிப்பார். பட்டுவாடா தாமதம் என்று வரும் புகார்களுக்கு நான் பதில் எழுதுவேன். சைக்கிள் பழுது என்று வருஷா வருஷம் ஒரே பொய். நான் அரூரில் இருந்தவரை அது நடந்தது.

சேலத்துக்கு மாற்றலாகிப் போனேன். கருவி போய் டெலிபிரிண்டர் வந்தது. அதுவும் போயிற்று. பிறகு தந்தி என்கிற ஒன்றே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். மொரப்பூரில் இப்போது மின்சார ரயில், புகையில்லை, யாரும் இருமுவதில்லை. ஓட்டுக் கட்டிடத்தை இடித்துவிட்டார்கள். சாலம்மா முந்தியே போய்ச் சேர்ந்தாள். மாதையன் எழுபது தாண்டி இருந்தார். கடைசியாக நான் பார்க்கப் போனபோது கட்டிலில் படுத்திருந்தார், பச்சை சைக்கிள் கட்டில்காலில் சாய்த்திருந்தது. "நான் போனா எதுக்கும்மா தந்தி, அது அப்பவே வந்துருச்சே" என்றார். அன்று நானும் சிரித்தேன், அவரும் நிஜமாகவே சிரித்தார்.

நேற்று தங்கை மகனுக்கு இதையெல்லாம் தட்டி அனுப்ப என் விரல்களால் ஆகவில்லை. போனிலேயே கூப்பிட்டேன். கல்லுக்கு முன்னாலதான் இன்னும் நிற்கிறாயா என்று கேட்டேன். ஆமாம் என்றான். "அங்கே இல்லாத ஒரு பேர் சொல்கிறேன். சத்தமாக ஒரு தடவை சொல்லு. சொல்லிப் பதிவு பண்ணி எனக்கு அனுப்பு" என்றேன். பெரியம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பான். ஆனாலும் நல்ல பிள்ளை.

கொஞ்ச நேரத்தில் "டிக்" என்றது. காதில் வைத்துக் கேட்டேன். காற்று இரைகிறது. தூரத்தில் லாரி ஏதோ போகிறது. அப்புறம் அவன் குரல், "காவேரியப்பன்."

ஒரு நொடியில் வந்து சேர்ந்துவிட்டது சேதி. கட்டுக்கடவென்று தட்ட வேண்டியிருக்கவில்லை, யாரும் வெயிலில் மிதித்துக்கொண்டு போகவும் இல்லை. கைநாட்டு வைத்து வாங்கிக்கொள்ளத்தான் சாலம்மா இல்லை.